அறை மாறினால் மருத்துவர் கட்டணமும் மாறுவது நியாயமா?

தாமிரபரணி எழுதியது:

என் மாமனாருக்குப் பித்தப்பையில் கல் இருப்பதால் அறுவை சிகிச்சை செய்தாக வேண்டும் என்று மருத்துவர் சொல்லிவிட்டார். மதுரையில் ஒரு தனியார் மருத்துவமனையில் எவ்வளவு செலவாகும் என்று விசாரித்தபோது, கவுன்டரில் இருந்த பெண் முதலில் கேட்டது ‘கேஷா, இன்சூரன்ஸா?’ என்பது, அடுத்துக் கேட்டது எந்த அறை வேண்டும் என்பது. பொது வார்டு, இருவர் அறை, தனி அறை என்று மூன்று பத்திகளாக அச்சிட்ட ஒரு தாளையும் நீட்டினார். அறை வாடகை மூன்றிலும் வேறுபடுவது இயல்பு. அதில் எனக்கு வழக்கில்லை. ஆனால் அறுவை மருத்துவரின் கட்டணம் பொது வார்டில் 22,000 ரூபாய், இருவர் அறையில் 30,000, தனி அறையில் 42,000 என்று போட்டிருந்தது. மருத்துவர் ஒருவரே, செய்யப்போவதும் வயிற்றில் சிறு துளைகள் போட்டுச் செய்யும் அதே லேப்ராஸ்கோப்பிதான், அது நடக்கப்போகும் ஆபரேஷன் தியேட்டரும் ஒன்றே. மயக்கத்தில் கிடக்கும் நோயாளி எந்த அறையிலிருந்து வந்தார் என்பது கத்திக்குத் தெரியாதபோது, கட்டணத்துக்கு மட்டும் எப்படித் தெரிகிறது?

மருத்துவர்களைத் திட்டுவதற்காக இந்த இழையைத் தொடங்கவில்லை. இந்த முறைக்கு ஏதேனும் நியாயம் இருக்கிறதா என்பதை உள்ளே இருப்பவர்கள் சொன்னால் தெரிந்துகொள்ள விரும்புகிறேன்.

கணக்குப்பிள்ளை எழுதியது:

ஓய்வு பெறும்வரை மருத்துவமனைகளின் பில் பிரிவில் வேலை பார்த்தவன் என்ற முறையில் எழுதுகிறேன். நீங்கள் பார்த்த தாளில் ஒளிந்திருக்கும் இன்னொரு கணக்கையும் சொல்லிவிடுகிறேன். பெரும்பாலான மருத்துவமனைகளில் மயக்க மருத்துவரின் கட்டணம் தனியாக நிர்ணயிக்கப்படுவதில்லை. அறுவை மருத்துவர் வாங்குவதில் இத்தனை விழுக்காடு என்று வைத்திருப்பார்கள். தியேட்டர் கட்டணமும் பல இடங்களில் அப்படியே. ஆகவே தனி அறை என்று நீங்கள் ஒப்புக்கொண்ட கணத்தில் முதல் வரி ஏறுகிறது, அதைத் தொற்றிக்கொண்டு அடுத்த இரண்டு வரிகளும் ஏறுகின்றன. ஆக்சிஜனும் மயக்க மருந்தும் ஒரே அளவுதான் செலவாகியிருக்கும்.

காப்பீடு வைத்திருப்பவர்கள் இதில் இன்னும் ஆழமாகச் சிக்குகிறார்கள். பாலிசியில் அறை வாடகைக்கு வரம்பு இருந்து, நீங்கள் அதைத் தாண்டிய அறையை எடுத்தால், வாடகையில் கூடுதலான தொகையை மட்டும் உங்கள் தலையில் கட்டிவிட்டு விட மாட்டார்கள். மருத்துவர் கட்டணம் முதலானவற்றுக்குக் காப்பீட்டு நிறுவனம் தரும் தொகையையும் அதே விகிதத்தில் வெட்டுவார்கள். வாடகையில் ஆயிரம் ரூபாய்தானே கூடுதல் என்று நினைத்துச் சேர்ந்தவர்கள், டிஸ்சார்ஜ் அன்று கவுன்டரில் நின்று கணக்குப் புரியாமல் விழித்ததைப் பலமுறை பார்த்திருக்கிறேன். காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2020இல் இதற்கு ஓர் எல்லை வகுத்தது: மருந்து, உடலில் பொருத்தும் கருவி, பரிசோதனை ஆகியவற்றில் இந்த விகித வெட்டு கூடாது என்றும், அறையை வைத்துக் கட்டணத்தை மாற்றாத மருத்துவமனைகளில் வெட்டவே கூடாது என்றும் சொன்னது. அந்தக் கடைசி வாசகத்தைக் கவனியுங்கள். அறைக்கு ஏற்ப மருத்துவர் கட்டணத்தை மாற்றாமலும் ஒரு மருத்துவமனையை நடத்தலாம் என்பதை ஆணையமே ஏற்றுக்கொண்டிருக்கிறது.

வைகைக்கரை எழுதியது:

வசதி உள்ளவர் கூடுதலாகக் கொடுத்தால்தான் இல்லாதவருக்குக் குறைவாக வாங்க முடியும் என்பதை மறந்துவிட்டு விவாதிக்கிறோமோ என்று தோன்றுகிறது. நம் மதுரையிலேயே அரவிந்த் கண் மருத்துவமனை இருக்கிறது. பணி ஓய்வுக்குப் பிறகு டாக்டர் கோ. வெங்கடசாமி 1976இல் 11 படுக்கைகளுடன் தொடங்கியது அது. பணம் கொடுப்பவர்களிடமிருந்து கிடைக்கும் வருவாயைக் கொண்டே பணம் கொடுக்க இயலாதவர்களுக்குக் கண்புரை அறுவை செய்கிறார்கள். உலகம் முழுவதிலுமிருந்து வந்து படித்துவிட்டுப் போகும் முறை அது. பொது வார்டில் 22,000 என்பது உண்மையான செலவுக்கும் குறைவாக இருந்து, தனி அறைக்காரர் கொடுக்கும் 42,000 அதை ஈடுசெய்கிறது என்றால், அதில் என்ன குறை காண முடியும்?

தாமிரபரணி எழுதியது:

வைகைக்கரை அவர்களே, உங்கள் வாக்கியத்தில் ‘என்றால்’ என்ற சொல்தான் என் சந்தேகம் முழுவதையும் சுமக்கிறது. அரவிந்தில் கூடுதல் பணம் எங்கே போகிறது என்பது ஊருக்கே தெரியும்; கிராமத்து முகாம்களிலிருந்து வேனில் ஆட்களை அழைத்து வந்து, அறுவை செய்து, சாப்பாடு போட்டுத் திருப்பி அனுப்புகிறார்கள். வெளிநாட்டு லென்ஸ் விலை கட்டுப்படியாகாது என்று 1992இல் ஆரோலேப் என்ற பெயரில் தாங்களே லென்ஸ் செய்யத் தொடங்கினார்கள். அங்கே மருத்துவர் சம்பளத்துக்கு வேலை பார்க்கிறார்; எந்த நோயாளி எந்த வார்டு என்பதால் அவருடைய வருமானம் மாறுவதில்லை. வேலூர் சி.எம்.சி.யிலும் மருத்துவர்கள் முழுநேரச் சம்பளக்காரர்களே. நான் பார்த்த தாளில் அந்தக் கூடுதல் 20,000 ரூபாயால் பயன்பெறும் ஏழை யார் என்று எங்கும் எழுதியிருக்கவில்லை. பொது வார்டுக்காரரும் முழுச் செலவைக் கொடுத்துவிட்டு, தனி அறைக்காரர் அதற்கு மேலும் கொடுக்கிறார் என்றால் அதற்குப் பெயர் உதவி அன்று. யாரிடம் எவ்வளவு கறக்கலாம் என்ற கணக்கு.

கணக்குப்பிள்ளை எழுதியது:

நான் பார்த்த மருத்துவமனைகளைப் பொறுத்தவரை தாமிரபரணி சொல்வதே சரி. பொது வார்டு விலையிலும் நட்டமில்லை.

கரிசல்காரன் எழுதியது:

இவ்வளவு நுணுக்கம் எதற்கு? ஒரு கோடிக்கு மேல் கொட்டிக் கொடுத்து எம்.பி.பி.எஸ். படிக்கிறார்கள், மேற்படிப்புக்கு இன்னொரு கோடி. போட்ட முதலை எடுக்காமல் விடுவார்களா? காலையில் அரசு மருத்துவமனை, மாலையில் சொந்த கிளினிக் என்று இரண்டு பக்கமும் சம்பாதிப்பவர்களும் இருக்கிறார்கள். மருத்துவம் சேவை என்று சொல்லிக்கொள்வதை நிறுத்திவிட்டு வியாபாரம் என்று பலகை மாட்டிவிட்டால் நாமும் பேரம் பேசிவிட்டுப் போகலாம்.

சிற்றூர் மருத்துவர் எழுதியது:

விருதுநகர் மாவட்டத்தில் ஒரு சிற்றூரில் பொது மருத்துவம் பார்க்கிறேன். கரிசல்காரன் அவர்களின் கோபம் எனக்குப் புரிகிறது, ஆனால் அவர் சொல்லும் காரணம் பொருந்தவில்லை. நான் அரசுக் கல்லூரியில் மிகக் குறைந்த கட்டணத்தில் படித்தவன். என் தெருவிலேயே கிளினிக் வைத்திருக்கும் இன்னொருவர் தனியார் கல்லூரியில் பெரும் தொகை கொடுத்துப் படித்தவர். இருவரும் வாங்குவது 200 ரூபாய்தான். படிப்புச் செலவுதான் கட்டணத்தைத் தீர்மானிக்கிறது என்றால் அவர் 500 வாங்க வேண்டும், நான் 50 வாங்க வேண்டும். இந்த ஊர் எவ்வளவு கொடுக்கத் தயாராக இருக்கிறதோ அதையே இருவரும் வாங்குகிறோம். கடன்பட்டுப் படித்ததற்கு நோயாளி பொறுப்பில்லை என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்; நெருக்கடி ஒருவரை எந்த வழிக்குத் தள்ளும் என்பதற்கு அது விளக்கமாகலாமே தவிர நியாயமாகாது.

அந்த 200 ரூபாயைப் பற்றிச் சொல்கிறேன். கடை வாடகை, வணிக இணைப்புக்கான மின்கட்டணம், செவிலியர் ஒருவர், டோக்கன் கொடுக்கும் பையன் ஒருவன், ஊசியையும் பஞ்சையும் அள்ளிச் செல்லும் மருத்துவக் கழிவு நிறுவனத்துக்கு மாதக் கட்டணம், இவையெல்லாம் அதிலிருந்துதான் போக வேண்டும். ஐந்து நாட்களுக்குள் மறுபடியும் வந்தால் ரிவ்யூ என்று பணம் வாங்குவதில்லை. ரத்தப் பரிசோதனை முடிவைக் கொண்டுவந்து காட்டினாலும் வாங்குவதில்லை. கைபேசியில் படமெடுத்து அனுப்பி இரவு பத்து மணிக்கு விளக்கம் கேட்பவர்களிடம் எப்படி வாங்குவது என்பது எனக்கு இன்னும் தெரியவில்லை.

உண்மையான சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. இது சாதாரண வைரஸ் காய்ச்சல், மருந்து அதிகம் வேண்டாம், கஞ்சி குடித்து ஓய்வெடுங்கள் என்று கால்மணி நேரம் சோதித்துப் பார்த்துச் சொல்லிவிட்டு 200 ரூபாய் வாங்கினால், வெளியே போகும்போதே ‘ஒன்றும் செய்யவில்லை, காசை மட்டும் வாங்கிக்கொண்டார்’ என்பார்கள். அதே நோயாளிக்கு இடுப்பில் ஓர் ஊசி போட்டு, மூன்று வேளைக்கான மாத்திரைகளைக் காகித உறையில் மடித்துக் கொடுத்து 250 வாங்கினால் கைராசிக்காரர் என்ற பெயர் கிடைக்கும். ஊசிக்கும் மாத்திரைக்கும் மனமுவந்து கொடுக்கும் மக்கள், மருந்து வேண்டாம் என்று முடிவெடுப்பதற்குத் தேவையான அறிவுக்குக் கொடுக்கத் தயங்குகிறார்கள். ஆலோசனைக் கட்டணத்தை உயர்த்த முடியாத இடத்தில் வருமானம் வேறு ஓடையைத் தேடும். அந்த ஓடை லேப் வழியாகவும் ஸ்கேன் வழியாகவும் மருந்துக்கடை வழியாகவும் ஓடுகிறது. என்னிடமும் மாதக் கடைசியில் லேப்காரர்கள் கமிஷன் உறையோடு வருவார்கள். வாங்குவதில்லை என்று சொன்னால், ‘அப்படியானால் நோயாளிக்குத் தள்ளுபடியாகக் கொடுக்கவா சார்?’ என்று கேட்பார்கள். சரி என்றால் அடுத்த மாதம் தள்ளுபடியும் காணாமல் போயிருக்கும்.

வைகைக்கரை எழுதியது:

வண்ணாரப்பேட்டையில் டாக்டர் ஜெயச்சந்திரன் ‘ஐந்து ரூபாய் டாக்டர்’ என்றே அறியப்பட்டார். 2018இல் அவர் மறைந்தபோது வடசென்னையே திரண்டது. கோவையில் டாக்டர் பாலசுப்பிரமணியன் 20 ரூபாய்க்கு வைத்தியம் பார்த்தார். அவர்களால் முடிந்தது மற்றவர்களால் ஏன் முடியவில்லை என்ற கேள்வி எழாமல் இருக்காது.

சிற்றூர் மருத்துவர் எழுதியது:

அந்த இருவரையும் நினைத்துக் கைகூப்புகிறேன். ஆனால் அவர்களை அளவுகோலாக்குவது அவர்களுக்கும் மரியாதையாகாது. அவர்கள் கொடுத்தது தம் வாழ்க்கையிலிருந்து எடுத்த கொடை. கொடையை யாரும் விலையாக நிர்ணயிக்க முடியாது. ஐந்து ரூபாய் டாக்டரைப் புகழ்ந்து பகிர்பவர்களே மறுநாள் நெஞ்சுவலி என்றால் ஏசி போட்ட மருத்துவமனையின் வாசலில்தான் நிற்கிறார்கள். இரண்டுக்கும் நடுவில், நேர்மையாக 200 வாங்கிப் பிழைக்கும் மருத்துவர் யாருக்கும் செய்தியாவதில்லை. இப்படிப்பட்ட கிளினிக்குகள் ஒவ்வொன்றாக மூடப்பட்டு, அதே மருத்துவர்கள் கார்ப்பரேட் மருத்துவமனைகளில் சம்பளத்துக்குப் போய்க்கொண்டிருக்கிறார்கள் என்பதையும் சொல்லியாக வேண்டும்.

கணக்குப்பிள்ளை எழுதியது:

அங்கே போனவர்களின் கதையை நான் எழுதுகிறேன். முதல் ஓராண்டு ஈராண்டுக்கு ‘எம்.ஜி.’ என்பார்கள், குறைந்தபட்ச உத்தரவாதத் தொகை. அதற்குப் பிறகு வருவாயில் பங்கு. புறநோயாளியாக வந்தவர்களில் எத்தனை பேர் உள்நோயாளியாகச் சேர்ந்தார்கள் என்பதை மாதக் கூட்டத்தில் திரையில் போட்டுக் காட்டும் மருத்துவமனைகளையும் நான் அறிவேன். அந்தக் கூட்டத்தில் உட்கார்ந்திருக்கும் நல்ல மருத்துவரும் தலைகுனிந்துதான் உட்கார்ந்திருப்பார். பில்லில் மருத்துவர் பெயருக்கு எதிரே இருக்கும் தொகை முழுவதும் அவர் கைக்குப் போகிறது என்று நோயாளி நினைக்கிறார். அதில் மருத்துவமனை ஒரு பங்கை எடுத்துக்கொள்வது அவருக்குத் தெரிவதில்லை.

பரிந்துரைத்து அனுப்பும் மருத்துவருக்குக் கொடுக்கும் கமிஷனைக் கணக்குப் புத்தகத்தில் கமிஷன் என்று எழுத மாட்டார்கள். விளம்பரச் செலவு, ஆலோசனைச் செலவு என்று ஏதாவது ஒரு தலைப்பில் ஏற்றுவார்கள். மருந்து நிறுவனங்கள் மருத்துவர்களுக்குக் கொடுக்கும் பரிசுகளையும் பயணங்களையும் தொழிற்செலவாகக் காட்டி வருமான வரிச் சலுகை கேட்ட வழக்கில், 2022 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் அப்படிக் காட்டக் கூடாது என்று தீர்ப்பளித்தது. அந்தச் செலவு கடைசியில் மருந்தின் விலையில் ஏறி நோயாளியின் மடியில் விழுகிறது என்பதை நீதிமன்றமும் சுட்டிக்காட்டியது.

மருத்துவர் கட்டணத்தை மட்டும் பிடித்துக்கொண்டு பேசுவது ஏன் போதாது என்பதற்கு ஒரு கணக்கு. 2018இல் தேசிய மருந்து விலை நிர்ணய ஆணையம் டில்லி வட்டாரத்தில் நான்கு தனியார் மருத்துவமனைகளின் பில்களை ஆராய்ந்தபோது, மருந்து, சிரிஞ்சு, கையுறை போன்ற பொருள்களில் சிலவற்றுக்கு 1,737 விழுக்காடு வரை லாபம் வைத்திருந்தது தெரியவந்தது. அதே பில்லில் மருத்துவர் பார்த்துவிட்டுப் போனதற்கான வரியைப் பார்த்து உறவினர்கள் கொதித்துக்கொண்டிருந்திருப்பார்கள்.

வழக்காடி எழுதியது:

இவ்வளவு நேரம் சட்டம் பேசாமல் இருந்தது எனக்கே வியப்பாக இருக்கிறது. நியாயம் எது என்பதை நாம் புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. அது 2002ஆம் ஆண்டு இந்திய மருத்துவக் கழகத்தின் நடத்தை விதிகளில் எழுதப்பட்டிருக்கிறது. மருத்துவர் தம் கட்டணத்தைத் தம் அறையிலும், தாம் சென்று பார்க்கும் மருத்துவமனையிலும் பலகையில் எழுதி வைக்க வேண்டும். கட்டணத்தைச் சிகிச்சைக்கு முன்பே சொல்ல வேண்டும். அறுவையோ சிகிச்சையோ நடந்துகொண்டிருக்கும்போது சொல்லக் கூடாது. தாமே மருந்து கொடுத்திருந்தால் அதைச் சீட்டில் தெளிவாகக் காட்ட வேண்டும். எனவே காகித உறையில் மாத்திரை கொடுப்பவர் அதைச் சீட்டிலும் எழுதியாக வேண்டும். பரிந்துரைக்காகக் கமிஷன் கொடுப்பதும் வாங்குவதும் ஒழுக்கக்கேடு. குணமானால்தான் பணம் என்று ஒப்பந்தம் போடுவதும் அதே விதிகளின்படி தவறு என்பதைக் கரிசல்காரன் போன்ற நண்பர்கள் கவனிக்க வேண்டும். இந்த விதிகளுக்குப் பதிலாக 2023 ஆகஸ்டில் புதிய விதிகளை, அந்தக் கழகத்தின் இடத்துக்கு வந்த தேசிய மருத்துவ ஆணையம் வெளியிட்டு, எதிர்ப்பு வந்ததும் அதே மாதத்தில் நிறுத்தி வைத்துவிட்டதால், பழைய விதிகளே தொடர்ந்தன. (ஒரு மருத்துவர் இன்னொரு மருத்துவரிடமும் அவர் குடும்பத்தாரிடமும் பணம் வாங்காமல் பார்ப்பதை மகிழ்ச்சியாகக் கருத வேண்டும் என்றும் அதில் ஒரு வரி உண்டு. நம்மைப் பற்றி அப்படி எதுவும் இல்லை.)

விதிகளில் ஓட்டை எங்கே என்றால், அவை மருத்துவர் என்ற தனி மனிதரைக் கட்டுப்படுத்துகின்றன. மருத்துவமனை என்ற நிறுவனத்தைக் கட்டுப்படுத்துவதில்லை. தாமிரபரணி பார்த்த மூன்று பத்தித் தாளை அச்சிட்டது நிறுவனம். நிறுவனங்களுக்காக 2010இல் மத்திய அரசு தனிச் சட்டம் கொண்டுவந்தது. 2012இல் வந்த அதன் விதிகள், கட்டணத்தை உள்ளூர் மொழியிலும் ஆங்கிலத்திலும் எழுதி வைக்க வேண்டும் என்றும், மாநில அரசுகளைக் கலந்து மத்திய அரசு வகுக்கும் வரம்புக்குள் வாங்க வேண்டும் என்றும் சொல்கின்றன. தமிழ்நாடு அந்தச் சட்டத்தை ஏற்கவில்லை. நமக்கு 1997ஆம் ஆண்டுச் சட்டம் தனியாக இருக்கிறது, அதற்கான விதிகள் 2018இல்தான் வந்தன. மத்தியச் சட்டம் செல்லும் இடங்களிலும் கட்டண வரம்பு வகுக்கப்படாமலே ஆண்டுகள் போயின. 2024 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் இதைக் கடிந்துகொண்டபோது, அரசு மருத்துவமனையில் ஒரு கண்ணுக்கு ஏறத்தாழ 10,000 ரூபாய் ஆகும் கண்புரை அறுவைக்குத் தனியாரில் 30,000 முதல் 1,40,000 வரை வாங்கப்படுவது அவ்வழக்கில் எடுத்துக்காட்டாக வைக்கப்பட்டது.

கரிசல்காரன் அவர்களுக்கு இன்னும் ஒரு வார்த்தை. வியாபாரமா சேவையா என்ற கேள்வியை 1995இல் வி.பி. சாந்தா வழக்கிலேயே உச்ச நீதிமன்றம் ஒருவாறு தீர்த்துவிட்டது: கட்டணம் வாங்கிச் செய்யும் மருத்துவம் நுகர்வோர் சட்டத்துக்குள் வரும், எல்லோருக்கும் இலவசமாகவே செய்யும் இடம் வராது. மாலையில் கிளினிக் நடத்தும் அரசு மருத்துவர்களைப் பொறுத்தவரை, பணி நேரத்துக்கு வெளியே தனியாக மருத்துவம் பார்க்கத் தமிழ்நாட்டு அரசு அனுமதிக்கிறது. காலையில் அரசு மருத்துவமனைக்கு வந்தவரை மாலையில் கிளினிக்குக்கு வரச்சொல்வதுதான் குற்றம்.

செவிலி எழுதியது:

பலகையில் எழுதிவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்ற தொனியில் விவாதம் போவதால் எழுதுகிறேன். பிரசவ வார்டுகளில் வேலை பார்ப்பவள் நான். சுகப்பிரசவத்துக்கு இவ்வளவு, சிசேரியனுக்கு இவ்வளவு என்று எங்கள் வரவேற்பறையில் தெளிவாகவே எழுதியிருக்கிறது. சிசேரியனுக்கு இரு மடங்குக்கும் மேல். எதையும் மறைக்கவில்லை. ஆனால் இரவு இரண்டு மணிக்கு வலியில் துடிக்கும் பெண்ணிடம் ‘குழந்தையின் இதயத்துடிப்பு குறைகிறது’ என்று சொல்லும்போது, பலகையைப் பார்த்து முடிவெடுக்கும் நிலையில் அவளும் இல்லை, அவள் தாயும் இல்லை. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் தனியார் மருத்துவமனைப் பிரசவங்களில் 63.8 விழுக்காடு சிசேரியன். கட்டணத்தில் அவ்வளவு வேறுபாடு இல்லாதிருந்தால் இந்த எண் இப்படி இருக்குமா?

சிற்றூர் மருத்துவர் எழுதியது:

அதே ஆய்வில் அரசு மருத்துவமனைகளின் எண் 36 விழுக்காடு என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும், சகோதரி. அங்கே சிசேரியன் செய்வதால் மருத்துவருக்கு ஒரு ரூபாயும் கூடுதலாகக் கிடைப்பதில்லை. ஆனாலும் மூன்றில் ஒன்றுக்கு மேல். முதல் பிரசவம் அறுவையாக இருந்ததால் இரண்டாவதும் அறுவை, ஏதாவது நேர்ந்தால் உறவினர்கள் அடிக்க வருவார்கள் என்ற அச்சம், ஆள் பற்றாக்குறை, நல்ல நேரம் குறித்துக்கொண்டு வரும் குடும்பங்கள் என்று பல காரணங்கள் இருக்கின்றன.

செவிலி எழுதியது:

எல்லாக் காரணங்களையும் ஒப்புக்கொள்கிறேன், ஐயா. நல்ல நேரம் பார்த்து வருபவர்களை நானும் தினமும் பார்க்கிறேன். ஆனால் அரசு எண்ணுக்கும் தனியார் எண்ணுக்கும் நடுவில் ஏறத்தாழ 28 புள்ளிகள் இருக்கின்றன. சிக்கலான கர்ப்பங்களைப் பெரும்பாலும் அரசு மருத்துவமனைகளுக்குத்தானே அனுப்பி வைக்கிறீர்கள்? அப்படியானால் அங்கேதான் அறுவை அதிகமாக இருக்க வேண்டும். அந்த வேறுபாட்டில் பணத்துக்குப் பங்கே இல்லை என்று உங்களாலும் சொல்ல முடியாது.

நான் கேட்பது எளிது. சுகப்பிரசவத்துக்கு மருத்துவர் பன்னிரண்டு மணி நேரம் காத்திருக்கிறார், சிசேரியனை முக்கால் மணி நேரத்தில் முடித்துவிடுகிறார். அப்படியிருக்க இரண்டுக்கும் மருத்துவர் கட்டணத்தை ஒன்றாகவே வைத்தால் என்ன? தியேட்டர், மயக்க மருந்து, கூடுதல் நாட்களின் அறை வாடகை ஆகியவற்றைத் தனியாக வாங்கிக்கொள்ளட்டும். காத்திருப்பதற்குக் கூலி இல்லாத இடத்தில் யார் காத்திருப்பார்கள்?

(விடிய விடிய உடன் நிற்கும் செவிலியருக்கு அந்த பில்லிலிருந்து என்ன கிடைக்கிறது என்று இந்த இழையில் இதுவரை யாரும் கேட்கவில்லை. ‘நர்சிங் சார்ஜ்’ என்று நாளொன்றுக்கு வாங்குவதைச் சேர்த்துப் பார்த்தால் என் சம்பளத்தைப் போலப் பல மடங்கு வரும்.)

சிற்றூர் மருத்துவர் எழுதியது:

பணத்துக்குப் பங்கே இல்லை என்று நான் சொல்லவில்லை; சொல்லவும் மாட்டேன். இரண்டு பிரசவத்துக்கும் ஒரே மருத்துவர் கட்டணம் என்பது நல்ல யோசனை. மகப்பேறு மருத்துவரான என் மனைவியிடம் காட்டினேன். ‘நான் தயார், மருத்துவமனை நிர்வாகம் ஒப்புக்கொள்ளுமா என்று கேட்டுச் சொல்லுங்கள்’ என்றார்.

கரிசல்காரன் எழுதியது:

அரசே எல்லாவற்றுக்கும் விலை நிர்ணயித்துவிட்டால் இந்தப் பேச்சே வேண்டாமே. 2020 ஜூனில் கொரோனாவுக்குத் தமிழ்நாட்டு அரசு நிர்ணயித்ததல்லவா? தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு நாளொன்றுக்கு அதிகபட்சம் 15,000 ரூபாய் என்று ஆணை போட்டார்கள். இதயக் குழாய்க்குள் வைக்கும் ஸ்டென்டுக்கு மத்திய அரசு 2017 பிப்ரவரியில் உச்ச விலை வைத்தது. மருந்து பூசிய ஸ்டென்ட் 30,000 ரூபாய்க்குள் இறங்கியது. அதற்கு முன்பு ஒரு லட்சத்துக்கு மேல் வாங்கினார்கள். மனமிருந்தால் மார்க்கமுண்டு.

கணக்குப்பிள்ளை எழுதியது:

ஸ்டென்ட் விலை இறங்கியதை வரவேற்றவன்தான் நானும். பொருளுக்கு உச்ச விலை வைக்கலாம். அது பெட்டியில் இருக்கிறது, எண்ணலாம். அதற்குப் பிறகு என் கண்ணெதிரே நடந்தது, செய்முறைக் கட்டணம் என்ற வரி வீங்கியது. கொரோனாக் காலத்தில் அறை விலைக்கு வரம்பு வந்தபோது, கவச உடைக்கும் ‘கூடுதல் கண்காணிப்பு’க்கும் தனித்தனி வரிகள் முளைத்தன. ஒரு வரியை அழுத்தினால் பக்கத்து வரி எழும்பும். ஆகவே வரிகளுக்கு விலை வைப்பதைவிட, ஒரு சிகிச்சைக்கு மொத்தமாக ஒரே தொகை என்று வைப்பதே கட்டுப்படும். முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டம் அப்படித்தான் பேக்கேஜாகக் கொடுக்கிறது. தாமிரபரணி அவர்களே, உங்கள் மாமனாரின் குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருந்து அந்தத் திட்டத்தின் அட்டையும் இருந்தால், அந்த மருத்துவமனை பட்டியலில் இருக்கிறதா என்று முதலில் விசாரியுங்கள். பட்டியலில் இருந்தால் பேக்கேஜுக்கு மேல் தனியாகக் காசு கேட்கக் கூடாது.

பேக்கேஜிலும் குறையில்லாமல் இல்லை. தொகை போதாவிட்டால் தரத்தைக் குறைப்பார்கள், அல்லது சிக்கலான நோயாளியைத் தட்டிக்கழிப்பார்கள்.

தாமிரபரணி எழுதியது:

அட்டை இல்லை, அலுவலகக் காப்பீடுதான். மறுபடியும் கவுன்டருக்குப் போவதற்கு முன்பு என்னென்ன கேட்க வேண்டும் என்று சொல்லுங்கள்.

கணக்குப்பிள்ளை எழுதியது:

பாலிசியில் அறை வரம்பு எவ்வளவு என்பதைப் பார்த்துவிட்டு, அதற்குள் வரும் அறையையே கேளுங்கள். அறுவை மருத்துவர், மயக்க மருத்துவர், தியேட்டர் ஆகிய மூன்றையும் தனித்தனித் தொகையாக எழுதி, கையெழுத்துப் போட்டு வாங்குங்கள். மருந்தையும் பொருள்களையும் வெளியில் வாங்கி வர அனுமதி உண்டா என்று கேளுங்கள். தனி அறைதான் வேண்டுமென்றால், மருத்துவர் கட்டணத்தைப் பொது வார்டு விலையிலேயே போட முடியுமா என்று மருத்துவரிடமே நேரில் கேளுங்கள், கவுன்டரில் அல்ல. பல அறுவை மருத்துவர்கள் தயங்காமல் ஒரு சீட்டில் எழுதிக் கொடுப்பார்கள். அந்தப் பத்திகளை வகுத்தது அவர்கள் இல்லை.

வழக்காடி எழுதியது:

டிஸ்சார்ஜ் ஆனதும் சிகிச்சைப் பதிவேடுகளின் நகலை எழுத்து மூலம் கேளுங்கள். கேட்ட 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்பதும் அந்த 2002 விதிகளில் இருக்கிறது. பில்லில் இருக்கும் பொருள் உண்மையில் பயன்பட்டதா என்பதற்கு அதுவே சான்று.

சிற்றூர் மருத்துவர் எழுதியது:

கேளுங்கள், ஆனால் ஒன்றை நினைவில் வையுங்கள். எழுதிக் கொடுத்த தொகையைத் தாண்டவே கூடாது என்று அறுவை மருத்துவரைக் கட்டிப்போட முடியாது. லேப்ராஸ்கோப்பியாகத் தொடங்கி, உள்ளே ஒட்டிக்கொண்டிருப்பதைப் பார்த்து, வயிற்றைத் திறந்து செய்ய நேர்வது உண்டு. அப்போது நேரமும் கூடும், தங்கும் நாட்களும் கூடும். அந்த நிமிடத்தில் அவர் தொகையை நினைக்கக் கூடாது.

கணக்குப்பிள்ளை எழுதியது:

நினைக்கக் கூடாது என்பதற்காகத்தான் முன்கூட்டியே எழுதச் சொல்கிறேன், டாக்டர். லேப்ராஸ்கோப்பியோடு முடிந்தால் இவ்வளவு, திறந்து செய்ய நேர்ந்தால் இவ்வளவு, தீவிர சிகிச்சைப் பிரிவு தேவைப்பட்டால் நாளொன்றுக்கு இவ்வளவு என்று மூன்று வரி. காப்பீட்டு நிறுவனத்தோடு போடும் ஒப்பந்தத்தில் மருத்துவமனை இந்த மூன்றையும் ஏற்கெனவே எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறது. நோயாளிக்குக் கொடுக்கும் தாளில் மட்டும் ஒரே ஒரு வரியும், ‘உண்மைச் செலவு மாறுதலுக்கு உட்பட்டது’ என்ற முத்திரையும் இருக்கின்றன.